தேதி போட்டுத் திட்டியவை

பிப்ரவரி 9
இன்றும் இரண்டு தட்டு பன் கருகிவிட்டது. என் வீட்டுக்காரர் ஓவன் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார். கடை வாசலில் இருந்த எனக்கே தீய்ந்த வாடை மூக்கைத் துளைக்கிறது, அவருக்குத் தெரியவில்லையாம். "சளியா இருக்கும்" என்கிறார். ஒன்றரை வருடமாகவா சளி? மணத்தை வைத்தே வெந்துவிட்டது என்று சொல்லும் மனிதர். மனசு கடையில் இல்லை, வேறென்ன.

பிப்ரவரி 17
ஒரு பிறந்தநாள் கேக். இவர் எழுதிய பெயரில் முதல் எழுத்து கட்டைவிரல் அளவு, கடைசி எழுத்து எறும்பு. "இடம் பத்தலையா?" என்று கேட்டார் வாங்க வந்தவர். பாதிக் கேக் காலியாகக் கிடந்தது! எனக்கு மானம் போயிற்று. இவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன்: "இஷ்டமில்லைன்னா சொல்லிடுங்க, ஏன் இப்படிக் கழுத்தறுக்கிறீங்க?" ஏதோ முணுமுணுத்தார். இப்போதெல்லாம் அவர் பேசுவது அவர் சட்டைப் பொத்தானுக்குத்தான் கேட்கும்.

பிப்ரவரி 18
தூக்கத்தில் யாரோடோ சண்டை. உதை எனக்கு. இனி நான் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 2
கேக் மேசையை என் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். இவரிடம், "கொஞ்ச நாள் வீட்ல இருங்க" என்றேன். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்றுகூட அவர் கேட்கவில்லை. ஏப்ரனைக் கழற்றி மடிக்க ஐந்து நிமிஷம். வேண்டுமென்றேதான் — திமிர்.

மார்ச் 11
மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தினமும் ரொட்டி வாங்கும் நர்ஸ் அக்கா, அவர் தெருவைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"இடது கையை வீசவே மாட்டேங்கிறாரே, எப்பவுமே இப்படியா?"

"வலது கையே இப்பல்லாம் ஒழுங்கா வேலை செய்றதில்லை, இடதா வீசப் போகுது" என்று சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. வரிசையாகக் கேட்டார். வாசனை தெரியுதா? எழுத்து சின்னதாயிடுச்சா? குரல்? தூக்கத்துல கை காலை உதறுவாரா? மலச்சிக்கல்? தோள்பட்டை வலி? மாவு பிசைகிறவருக்குத் தோள் வலிக்காதா என்று அதட்டலாகத்தான் ஆரம்பித்தேன். யோசித்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஆமாம், ஆமாம்.

"நான் டாக்டர் இல்லம்மா. ஆனா பார்க்கின்சனா இருக்குமோன்னு தோணுது. நரம்பு டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

"கையே நடுங்கலையேக்கா!"

"எல்லாருக்கும் நடுங்கணும்னு இல்ல."

மார்ச் 12
நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 19
டாக்டர் அவரை விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார். அதேதான் என்றார். எது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டபோது இவர் விழித்தார். என்னிடம்தான் தேதி இருக்கிறதே! இரண்டு வருட டைரியைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். வாசனை இந்த மாதம், எழுத்து அந்த மாதம் என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். அவரைத் திட்டுவதற்காக எழுதி வைத்தவை எல்லாம். 'சோம்பேறி', 'திமிர்', 'கல்லு முகம்' வந்த இடங்களை முழுங்கிக்கொண்டு படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு என் கையெழுத்து தெரியாதா என்ன.

முகத்துத் தசை இறுகிவிடும், உள்ளே எல்லாம் அப்படியே இருக்கும் என்றார் டாக்டர். "கடைசியா எப்ப சிரிச்சார்?" பக்கங்களைப் புரட்டினேன். ஓர் இடத்திலும் இல்லை.

"நேத்து" என்றார் இவர். "நான் சாப்பாடு கொண்டுபோனப்ப, மாவு கொண்டுவந்தவரோட இவ சண்டை போட்டா. வயிறு வலிக்கச் சிரிச்சேன்."

நேற்று நான் அவர் எதிரில்தான் நின்றிருந்தேன்.

மார்ச் 20
மன்னிப்புக் கேட்டேன். "தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டேங்க" என்றேன். சொன்னதும் எனக்கே கூசியது. அப்படியானால் நோய் இல்லாத மனுஷனை ஊர் முன்னால் கேவலப்படுத்தலாமா?

அவர் சொன்னார்: "எனக்கும் ஒண்ணும் புரியலை. நீ சொல்லச் சொல்ல, சரி, நமக்குத் திமிர்தான் போலன்னு நெனச்சிக்கிட்டேன்."

இதைவிட என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

மார்ச் 21
படுக்கையைக் கூடத்திலிருந்து அறைக்கே கொண்டுவந்துவிட்டேன். கட்டில்கள் இரண்டு, நடுவில் ஒரு தலையணை. உதை விழுந்தால் தலையணைக்கு.

ஏப்ரல் 27
மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. காலையில் மூன்று மணி நேரம் கடைக்கு வருகிறார். நானாக எந்த வேலையும் கொடுக்கவில்லை, எதைச் செய்வது என்று அவரே முடிவு செய்கிறார். இன்று பிசைந்தார், தம்பியோடு எதற்கோ தர்க்கம்கூடச் செய்தார். மாத்திரை நேரத்தைக் குறித்து வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். காலை 7, பகல் 1, மாலை 7. பக்கத்தில் இன்னொரு கட்டம் நானாகப் போட்டுக்கொண்டேன்.

"இன்னிக்குச் சிரிச்சீங்களா?"

"ரெண்டு தடவை."

"எப்ப, எத்தனை மணிக்கு?"

அவர் யோசித்து யோசித்துச் சொல்ல, பரீட்சை எழுதுகிறவள் மாதிரி குனிந்து குறித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். அதே முகம்.

"மூணுன்னு மாத்திக்க" என்றார்.