மூன்றாவது நோடு திரும்பிய வாரம்

2025 ஜூன் 9, திங்கள்

காலை ஏழிலிருந்து எட்டரை வரைதான் எங்கள் சர்வர்களுக்கு உண்மையான வேலை. சென்னை ஓ.எம்.ஆர். சாலை நெடுக இருக்கும் அடுக்ககங்களின் கேட்டுகளில் அப்போதுதான் பாத்திரம் தேய்ப்பவர்களும் சமையல்காரம்மாக்களும் டிரைவர்களும் நுழைகிறார்கள். ஆளுக்கு ஓர் எண். கேட்டில் அதைத் தட்டினால் பச்சை விளக்கு, உள்ளே போகலாம். சிவப்பு என்றால் ஓரமாக நில். அந்தப் பச்சையையும் சிவப்பையும் முடிவு செய்கிற செயலியை நடத்துவது நாவலூரில் என் கம்பெனி. குடியிருப்பவர்களுக்கு எண் கிடையாது. அவர்கள் கார் வந்தால் கேட் தானாகத் திறக்கும்.

அம்மாவுக்கும் ஓர் எண் உண்டு. கோவளத்திலிருந்து முதல் பஸ்ஸில் போய், நாவலூரில் ஒரே அடுக்ககத்தில் மூன்று வீட்டில் வேலை செய்கிறாள். ஆபீசில் இது யாருக்கும் தெரியாது. மறைக்கவில்லை, யாரும் கேட்கவில்லை. — சரி, மறைத்தேன்.

சாயங்காலம் அம்மா கேட்டாள்: "நாள் பூரா பொட்டியப் பாத்துகினு கீறியே, இன்னாதான்டி வேல அது?"

செங்கல்பட்டு ஜவுளிக்கடை வாசலில் பை வாங்கி வைக்கிற கவுண்டரைச் சொன்னேன். டோக்கனைக் கொடுத்தால் பை வரும். வேறு எதுவும் கேட்க முடியாது. சிவப்புப் பை எத்தனை, யாருடைய பை கனம் என்று கேட்டால் அவன் முழிப்பான். கேள்வி அவ்வளவு சின்னது என்பதால்தான் பதில் அவ்வளவு வேகம். கூட்டம் அதிகமானால் கவுண்டரைக் கூட்டிக்கொண்டே போகலாம். எந்த டோக்கன் எந்தக் கவுண்டர் என்று எண்ணை வைத்தே ஒரு கணக்கு சொல்லிவிடும். ஒவ்வொரு பைக்கும் மூன்று கவுண்டரில் நகல் இருக்கும். ஒன்று மூடிக் கிடந்தாலும் வரிசை நிற்காது.

"டோக்கன் தொலஞ்சா?"

"பை போச்சு."

"நல்ல கட" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

ஜூன் 11

அம்மாவுக்குச் சிவப்பு.

அந்த மூன்று வீட்டில் ஒன்றின் வீட்டுக்காரம்மா லோகநாயகியின் தோடு ஒன்றைக் காணோமாம். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செயலியில் 'தடை' என்று தட்டிவிட்டாள். தடை எண்ணுக்கு, வீட்டுக்கு இல்லை. ஆகவே மூன்று வீடும் போச்சு. வெளியே அனுப்பும்போது கேட்டில் இருக்கும் காவலாளி மணி, அம்மாவின் ஒயர் கூடையை மேசைமேல் கவிழ்த்துப் பார்த்திருக்கிறான். சோற்று டப்பா, சீப்பு, மாற்றுப் புடவை.

"பீரோவாண்ட நான் போவவே இல்லடி. எல்லாம் பாத்துகினே நிக்குதுங்கோ. சீப்ப எட்து எட்து பாக்கறான்."

அழவில்லை. அதுதான் பார்க்க முடியவில்லை.

ஜூன் 12

தடைத் திரையை இன்று உட்கார்ந்து பார்த்தேன். என் பக்கத்து இருக்கை நிதின் கட்டியது. காரணம் தேர்வு செய்ய வேண்டும்: திருட்டு, ஒழுங்கீனம், மற்றவை. தடைபட்டவர் பதில் சொல்ல இடமே இல்லை. ஏன்டா என்று கேட்டேன். "ரெக்கொயர்மென்ட்ல இல்லியே அன்பு. அவங்க நம்ம யூசர் இல்லல்ல?"

யூசர் இல்லை. எண்.

ஒரு வரி கட்டளை போதும், அம்மாவின் தடையை நான் அழித்துவிடலாம். கையை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். நான் அழித்தால், திருடியின் மகள் அழித்ததாக ஆகும்.

ஜூன் 14, சனி

மூன்றாவது நோடு விழுந்தது. நோடு என்பது வேறொன்றும் இல்லை, கவுண்டர்களில் ஒன்று, ஒரு கணினி. பவர் சப்ளை எரிந்திருக்கிறது. டிஸ்க்குக்குச் சேதம் இல்லை, அதிலுள்ள பதிவுகள் அப்படியே இருக்கின்றன. ஒரு கேட்கூட நிற்கவில்லை. "இதுக்குத்தான் மூணு" என்று நிதின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அம்மா மூன்று நாளாக வீட்டில். துவைத்த துணியையே துவைக்கிறாள்.

ஜூன் 16

தோடு கிடைத்துவிட்டது. வாஷிங் மெஷின் கதவு ரப்பரில் மாட்டியிருந்ததாம். லோகநாயகி போன் செய்தாள். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "சாரி காசி, டென்ஷன்ல பண்ணிட்டேன். தடையை எடுத்துட்டேன், நாளைக்கு வந்துடு."

"சரிங்க மேடம்."

அவ்வளவுதானா என்று நான் கத்தினேன். "பின்ன இன்னா? அந்தம்மாவ கால்ல வுழ சொல்றியா?" என்றாள் அம்மா. உடனே கூடையை எடுத்து டப்பாவைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

ஜூன் 20

பவர் சப்ளை வந்து மேசைமேல் கிடக்கிறது. மாட்டலாமா என்றதற்கு மேனேஜர் ராமானுஜம் சார்: "ஆபீஸ் அவுட்டிங் முடியட்டும்மா. ரெண்டு நோடு ஜம்முனு ஓடுதே."

ஜூன் 27, மாமல்லபுரம்

அவுட்டிங். கடல் தெரிகிற ரிசார்ட். கயிறு இழுத்தோம், பாட்டுக்குப் பாட்டு பாடினோம். ராமானுஜம் சார் மைக் பிடித்து, 'நூறு சதவீதம் நிற்காத சேவை' என்று ஒரு ஸ்லைடு காட்டினார். எங்களுக்குக் கேக்.

என் அறையைப் பெருக்க வந்த பெண்மணி மதுராந்தகம் பக்கம். எங்கள் சொந்த ஊரிலிருந்து இரண்டு ஊர் தள்ளி. அவர் பாட்டியும் என் பாட்டியும் ஒருவேளை ஒரே ஆள் நிலத்தில் நாற்று நட்டிருப்பார்கள். இருவருக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இருந்திருக்காது. இதையெல்லாம் அவரிடம் சொல்லத் தோன்றியது. "டவல் வேணுமா மேடம்?" என்றார். மேடம்!

சாயங்காலம் பின்கேட்டில் ரிசார்ட்டில் வேலை செய்பவர்கள் வரிசையாக நின்று பையைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்கள். நிதின் அங்கே செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் அது படவே இல்லை என்று நினைக்கிறேன். கோபப்படக்கூட அலுப்பாக இருக்கிறது.

ஜூன் 30

மூன்றாவது நோடை ஏற்றினோம். நிதின் பொத்தானைத் தட்டினான். மூன்று விளக்கும் பச்சை. எல்லோரும் கைதட்டினோம். நானும்.

ஜூலை 1

அம்மாவுக்கு மறுபடியும் சிவப்பு.

"இன்னா ஆயா, மறுபடியுமா?" என்று மணி சிரித்தானாம். அம்மா இன்டர்காமில் லோகநாயகியைப் பிடித்துக் கத்தியிருக்கிறாள். செயலியில் நான் எதையும் தொடவில்லை என்று அந்தம்மா சத்தியம் செய்தாளாம். "பொய் பேசுது அது. மூஞ்சிக்கு நேரா ஒண்ணு, முதுகுக்குப் பின்னால ஒண்ணு."

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜூலை 2

அந்தம்மா பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நாங்கள்.

அம்மாவின் தடைப்பதிவைத் திறந்தேன். எழுதப்பட்ட தேதி ஜூன் 11. புதிய தடை இல்லை. செத்தது எழுந்து வந்திருக்கிறது.

எனக்கே ஒருமுறை ஒழுங்காக எழுதிக்கொள்கிறேன். இந்த வகை டேட்டா கிடங்கில் அழிப்பது என்றால் அழிப்பது இல்லை. 'இது அழிக்கப்பட்டது' என்று ஒரு சீட்டு ஒட்டுவார்கள். சீட்டு இல்லாமல் பதிவை மட்டும் எடுத்துவிட்டால், நகல் வைத்திருக்கும் இன்னொரு நோடு, 'உன்னிடம் இல்லையா, இந்தா' என்று திரும்பக் கொடுத்துவிடும். சீட்டுகளை என்றென்றும் வைத்திருந்தால் இடம் அடைக்கும். ஆகவே பத்து நாள் கெடு. அதற்குள் எல்லா நோடுக்கும் சேதி போய்விடும் என்பது நம்பிக்கை. படுத்திருக்கும் நோடுக்காக மற்றவை சேதியைப் பிடித்துவைப்பதும் சில மணி நேரம்தான்.

தடை விழுந்தபோது மூன்றாவது நோடு உயிரோடு இருந்தது. லோகநாயகி அதை நீக்கியபோது படுத்திருந்தது. நாங்கள் மாமல்லபுரத்தில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தபோது மற்ற இரண்டும் கெடு முடிந்த சீட்டுகளைக் கூட்டித் தள்ளிவிட்டன. பிறகு இது எழுந்து வந்தது, கையில் பழைய தடையோடு. மற்ற இரண்டிலும் பதிவும் இல்லை, சீட்டும் இல்லை. நாம்தான் பின்தங்கிவிட்டோம் என்று நினைத்து அவை இதனிடமிருந்து வாங்கிக்கொண்டன. மூன்றும் ஒருமித்துச் சொல்கின்றன: திருட்டு.

கெடு தாண்டி வரும் நோடைத் துடைத்துவிட்டு, மற்றவற்றிலிருந்து புதிதாக நிரப்ப வேண்டும். கையேட்டில் இருக்கிறது. ஒரு பகல் வேலை. யாருக்கும் தோன்றவில்லை.

அம்மா மட்டும் இல்லை. எத்தனையோ பேர். எல்லாம் மன்னிக்கப்பட்டவர்கள்.

ஜூலை 3

ராமானுஜம் சாரிடம் விளக்கினேன். உடனே புரிந்துகொண்டார், புத்திசாலிதான். "சரி, எது நிஜத் தடை, எது பழசுன்னு பிரிச்சுப் பாக்கணும். அடுத்த வாரம் எடுத்துக்கலாம்."

"சார், அதுவரைக்கும் அவங்க கேட்ல நிப்பாங்க."

"கம்ப்ளெயின்ட் ஒண்ணும் வரலியேம்மா."

எப்படி வரும்? கம்ப்ளெயின்ட் பொத்தான் குடியிருப்பவர் திரையில்தான் இருக்கிறது.

எல்லா அடுக்ககத்துக்கும் இது எங்கள் தப்பு என்று இன்றே எழுத வேண்டும் என்றேன். "கஸ்டமருக்கு நாமளே போய்ச் சொல்லணுமா? டோன்ட் டேக் இட் பர்சனலி, அன்பரசி."

"பர்சனல்தான் சார். அதுல ஒண்ணு எங்கம்மா."

நிதின் தன் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராமானுஜம் சாரின் குரல் மெதுவானது, கனிவானது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"அடடா, முதல்லயே சொல்லக் கூடாதா? அம்மா நம்பர் குடு. அதை மட்டும் இப்பவே எடுத்துடலாம்."

"எல்லாத்தையும் எடுங்க சார்."

"நீயே முடிவு பண்ணிக்கோ."

நம்பர் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பெருமைப்படுவாள் என்று நினைத்தேனா? தெரியவில்லை.

"குடுக்கறேன்னான், நீ வேணான்னுட்டியா?"

"மத்தவங்களும் இருக்காங்கம்மா."

"மத்தவங்கோ வந்து என் வூட்டு அடுப்பப் பத்த வெப்பாங்களா? படிச்ச கொழுப்புடி உனுக்கு. அங்க சீப்ப எட்துப் பாத்தது உன்னுதயா, என்னுதயா?"

என்னுடையது இல்லை.

ஜூலை 5

மூன்று வீட்டில் ஒரு வீடு வேறு ஆள் வைத்துக்கொண்டது. அம்மா என்னோடு பேசவில்லை.

ஜூலை 7

வேறொரு அடுக்ககத்தின் சங்கத் தலைவருடைய டிரைவர் லீவு முடிந்து வந்து இன்று கேட்டில் மாட்டினான். போன மாதம் யாரோ தவறுதலாகத் தடை போட்டு, நோடு விழுந்த பிறகு எடுத்தது. காரை எடுக்க ஆள் இல்லாமல் தலைவரின் பையனுக்குப் பள்ளிக்கூடம் தாமதமாகிவிட்டது.

முதல்தர அவசரம் என்று சிவப்பு எழுத்தில் மெயில். பகல் சாப்பாட்டுக்கு முன் உயிர்த்தெழுந்த தடைகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டோம். பிரிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. செயலியில் 'நீக்கு' தட்டியவர்களின் பட்டியல் வேறிடத்தில் இருந்தது. அன்றே செய்திருக்கலாம்.

மன்னிப்புச் செய்தியும் போயிற்று. குடியிருப்பவர்களுக்கு. தடைபட்டவர்களுக்கு அனுப்பச் செயலியில் வழி இல்லை. காவலாளிகளுக்கும் இல்லை.

ஜூலை 8

இனி என்ன செய்வது என்று எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன்.

யார் எப்போது நுழைந்தார் என்கிற வருகைப் பதிவு இந்தக் கிடங்கிலேயே இருக்கட்டும். எழுதிக் குவிப்பது, எண்ணைக் கொடுத்து எடுப்பது, ஒரு நோடு விழுந்தாலும் நிற்காதது. அதற்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஒன்றிரண்டு நொடி பழைய பதில் வந்தாலும் யாருக்கும் சேதம் இல்லை. ஆனால் ஒருவரை உள்ளே விடுவதா, திருடி என்பதா என்கிற பதில் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கக் கூடாது. அது சாதாரண டேட்டாபேஸில், ஒரே இடத்தில், ஒரே பதிலாக இருக்க வேண்டும். கொஞ்சம் மெதுவாகும், சில நேரம் நின்றும் போகும். நின்றால் காவலாளி வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கட்டும். நிற்காமல் தப்பாகச் சொல்வதைவிட, நின்று 'தெரியாது' என்று சொல்வது மேல்.

'தடைபட்டவர் பதில் சொல்ல ஒரு பெட்டி' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அதை ராமானுஜம் சார் 'பின்னால் பார்க்கலாம்' பக்கத்துக்கு நகர்த்திவிட்டார். மற்றதற்கு ஓகே.

ஜூலை 10

அம்மா வேலைக்குப் போனாள். பச்சை. சாயங்காலம் அவளாகவே பேசினாள், ஒரு வாரத்துக்குப் பிறகு.

"வெளக்கு பச்சையாத்தான் எரியுது. அவன் கூடயக் கவுக்கறான்."

"யாரு? மணியா? ஏன்?"

"ரெண்டு வாட்டி செவப்பு வந்த கை இல்லியா, அதான். 'நான் இன்னா ஆயா பண்றது, நாளிக்கு ஒண்ணு காணோம்னா என் சோறு பூடும்'ன்றான். அவனும் பாவம், நம்ப பக்கத்துப் பையந்தான்."

நாங்கள் மூன்று இடத்தில் அழித்தோம். மணியிடம் ஒரு நகல் இருக்கிறது. கூடை கவிழ்வதைப் பார்த்தவர்கள் எல்லோரிடமும் ஒன்று. அதற்கு யார் சீட்டு ஒட்டுவது?

ஜூலை 14

அம்மா வேலை செய்யும் அடுக்ககத்தின் அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்தவர் என் ஐடி கார்டைப் பார்த்து நாற்காலி போட்டார். மணி கூடையைக் கவிழ்ப்பதைச் சொன்னதும், "பையைப் பாக்கறது பொதுவா நல்ல பழக்கம்தானே மேடம்? எல்லாருக்கும் வெச்சுடலாம்னு இருக்கோம்" என்றார்.

நான் போகாமலே இருந்திருக்கலாம்.

ஜூலை 21, திங்கள்

புதிய ஏற்பாடு இன்று காலை ஓடத் தொடங்கியது. கேட் அரை நொடி மெதுவாகத்தான் திறக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. ஏழு மணிக்கு அம்மாவின் எண் திரையில் போனது. பச்சை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா தட்டு நிறையச் சோறு போட்டு வேகவேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் சாப்பிடலியா என்றேன்.

"இனிமே வூட்டுக்கு வந்து துன்னுக்கறேன். கையில ஒண்ணும் எட்துகினு போறதில்ல."

ஒயர் கூடை ஆணியில் தொங்குகிறது. உள்ளே டப்பா, சீப்பு, மடித்த புடவை.