உ இருந்தால் தொடாதே

முத்தியால்பேட்டை, புதுச்சேரி.
2025 நவம்பர் 17, திங்கட்கிழமை, காலை 9 மணி 40 நிமிடம். ஊரில் பூட்டிக்கொண்ட கம்ப்யூட்டர்கள் இதுவரை 43. அதில் நம் கடையில் சர்வீஸ் ஆனது ஒன்றுகூட இல்லை.

அன்புள்ள தங்கை அறிவுமதிக்கு, அண்ணன் வெற்றிச்செல்வன் எழுதுவது. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை. நீ நொய்டாவில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று அம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள், நானும் நேற்று மதியம் வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பார்சலில் வைக்கும் கடிதம் எப்போதும் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவது. இது அப்படி இல்லை, நானாக எழுதுகிறேன். அப்பா போன பிறகு பத்து வருஷமாக உனக்கு ஃபீஸ் கட்டியவன், ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். நேற்று மதியத்திலிருந்து ஒன்பது முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. மெசேஜில் போட எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் காகிதம்.

முதலில் அம்மா சொன்னதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். ஐப்பசி முழுக்க மழை, வடகம் காயவில்லை, அதனால் முறுக்கும் பருப்புப் பொடியும் மட்டும் வைத்திருக்கிறாள். சரிதா சித்தி பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம், நீ நாலு நாள் லீவு சொல்லி வைக்கவேண்டுமாம். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெளியே போகாதே என்றாள். இனி என் விஷயம்.

மூன்று வாரமாக ஊரில் ஒரு வைரஸ் சுற்றுகிறது. பென் டிரைவில் ஏறி ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போகிறது. ஃபைல் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, காசு கேட்காமல், பேக்கப் எங்கே என்று தமிழில் ஒரு வரியை மட்டும் திரையில் காட்டுகிறது. பெரிய மார்க்கெட்டில் ஆரம்பித்து உப்பளம் வரை போய்விட்டது. மணிக்கூண்டுப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் பக்கிரி அண்ணனை உனக்குத் தெரியும், உன் பத்தாம் வகுப்பு ஃபோட்டோ எடுத்தவர். அவர் மெஷினில் பதினோரு கல்யாணம் பூட்டிக்கொண்டது. அதில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா எட்டாம் நாளே மாரடைப்பில் போய்விட்டார். மகனுக்கு மாலை எடுத்துக் கொடுக்கிற படம் ஒன்றாவது கிடைக்குமா என்று அவர் மனைவி, பாவம் அந்த அம்மா, தினமும் வந்து ஸ்டூடியோ படியில் உட்காருகிறது. பக்கிரி அண்ணன் போன வருஷம் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு கடையில் மெஷினைக் கொடுத்தவர், அங்கே எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வியாபாரிகள் எல்லோரும் உப்பளத்தில் கூட்டம் போட்டார்கள். அரிசி மண்டி தமிழ்மாறன் அண்ணன்தான் தலைவர். வைரஸை எழுதியவனைப் பிடித்துக் கொடுத்தால் இரண்டு லட்சம் என்று மைக்கில் அறிவித்தார். தேடுகிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள், ஏனென்றால் நம் கடைப் பக்கம் வந்த ஒரு மெஷினும் கெடவில்லையே. பின்வரிசையில் இருந்து மளிகைக் கடை அம்மாவாசை அண்ணன் கத்தினார், “வெற்றி, தாயத்து கீயத்து கட்டி வச்சிருக்கியா? எங்களுக்கும் ஒண்ணு குடேன்பா.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுத்தமாக வேலை செய்தால் வைரஸ் வராது என்று மைக்கைப் பிடித்துப் பேசினேன், கை தட்டினார்கள். பிடிக்காமல் விடமாட்டேன் என்றும் சொன்னேன். இரண்டு லட்சத்தில் ஏசி வாங்கலாமா, கடைக்குப் புது போர்டு போடலாமா என்று யோசித்தபடியே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன்.

நேற்று பக்கிரி அண்ணனின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, நெட் இல்லாத பழைய மெஷினில் போட்டு, அந்த வைரஸைப் பிரித்துப் படித்தேன். அது உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக ஒன்றைத் தேடுகிறது. சி டிரைவில் ‘உ’ என்று ஒரு ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் எதையும் தொடாமல் நின்றுவிடுகிறது. நாலு முறை படித்தேன். அறிவு, அந்த உ யாருடையது? கடை திறந்த அன்று அம்மா வந்து, எழுதத் தெரிந்த அந்த ஒரே எழுத்தைக் கல்லாவில் மஞ்சளால் போட்டுவிட்டு, மெஷினுக்குள்ளேயும் போடுடா என்றாள். அன்றிலிருந்து சர்வீஸ் முடிந்த மெஷின் ஒவ்வொன்றிலும் உ என்று ஒரு காலி ஃபைல் போட்டுத்தான் வெளியே அனுப்புகிறேன். பக்கிரி அண்ணன் மெஷினில் நான் போட்டிருந்ததை அந்த வேறு கடைக்காரர்கள் அழித்துவிட்டார்கள். பிளஸ் டூ லீவில் நீதான் உட்கார்ந்து போடுவாய். அதைத் தேடிப் பார்த்து நம் கடை மெஷினை மட்டும் விட்டுவைக்க வேறு எவனுக்கும் தோன்றாது.

மே மாதம் பத்து நாள் வந்திருந்தாயே, அதை நேற்றிலிருந்து திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். வைரஸ் விழிக்கிற நாளாக உள்ளே அக்டோபர் கடைசி என்று இருந்தது, மே மாதமே ஊரில் ஏறி அதுவரை தூங்கியிருக்கலாம். வியாபாரம் இல்லை, கடையை மூடிவிட்டு சேதராப்பட்டில் ஏதாவது கம்பெனிக்குப் போகலாம் என்று சொன்னேன். இந்த ஊரில் ஒருவரும் பேக்கப் எடுப்பதில்லை, பட்டால்தான் புத்தி வரும் என்று நீ சொன்னாய். அதற்கு நான் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது. “பெருசா ஒரு வைரஸ் வந்தாதான்டி நம்ம பொழப்பு ஓடும்.” விளையாட்டுக்குச் சொன்னேன். நீ சிரிக்கக்கூட இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்காகச் செய்தாயா? இல்லை, சும்மா எழுதிப் பார்த்தது கை நழுவிப் போய்விட்டதா? எதுவாக இருந்தாலும் நீ செய்தது முட்டாள்தனம், குற்றமும்கூட. எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது என்று உனக்கே தெரியும். மூன்று வாரமாகக் கடையில் கூட்டம். நீ நினைத்தது நடந்துவிட்டது. அந்தக் காசில் வாங்கிய அரிசியை நேற்று என்னால் சாப்பிட முடியவில்லை, வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

இதில் இன்னொன்று இருக்கிறது. இது மேலும் பரவாமல் நிறுத்த எனக்கு வழி தெரியும். ஊரில் உள்ள எல்லா மெஷினிலும் ஒரு உ போட்டால் போதும், ஒரு நிமிஷ வேலை. ஆனால் அதைச் சொன்ன மறு நொடியே முத்தியால்பேட்டையில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் அது யார் கடை அடையாளம் என்று தெரிந்துவிடும். நேற்று மதியம் இதைக் கண்டுபிடித்தபோது கணக்கு 38. சொல்லலாமா வேண்டாமா என்று உனக்குப் போன் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அதற்குள் ஐந்து கூடிவிட்டது. கடைசியாகப் போனது தெருமுனை ஜெராக்ஸ் கடை அஞ்சலாட்சி அக்காவின் மெஷின். அந்த ஐந்துக்கும் நான்தான் பொறுப்பு, நீ இல்லை.

பூட்டைத் திறக்கும் சொல் எனக்குத் தெரியவில்லை. உன் பிறந்தநாள், அப்பா பெயர், அம்மா பெயர், மே மாதம் நாம் தின்ற ஐஸ்கிரீம் கடை வரை அடித்துப் பார்த்துவிட்டேன். அதை நீதான் சொல்லவேண்டும். நீ நல்லவள் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை, நல்லபடியாக இருக்கவேண்டும், இதிலிருந்து தலை நிமிர்ந்து வெளியே வரவேண்டும். ஸ்வெட்டர் போட்டுக்கொள். நான் செய்யப்போவதை வரிசையாக எழுதுகிறேன், இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பாதி முடிந்திருக்கும்.

1. பத்தரைக்கு இந்தப் பார்சலைக் கூரியரில் போடுவேன்.

2. பதினோரு மணிக்கு தமிழ்மாறன் அண்ணன் மண்டிக்குப் போய், எல்லாக் கடையிலும் உ போடச் சொல்வேன். பெரிய மார்க்கெட்டில் நானே கடை கடையாகப் போட்டுக்கொடுப்பேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வைரஸைப் படித்தேன், உள்ளே என் கடை அடையாளம் இருக்கிறது என்று சொல்வேன்.

3. நீயா எழுதினாய் என்று என்னைக் கேட்பார்கள். இல்லை என்பேன், நம்பமாட்டார்கள். பிறகு யார் என்பார்கள். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை அதற்குப் பதில் சொல்லமாட்டேன், அடித்தாலும் சரி. அதற்கு மேல் பொய் சொல்லவும் மாட்டேன்.

4. அதற்குள் நீ ரயிலோ விமானமோ பிடித்து வந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து போவோம், வக்கீலையும் பார்த்து வைக்கிறேன். வருவதற்கு முன்னாலேயே அந்தச் சொல்லை மட்டும் சொல்லிவிடு. படியில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா எழுந்து வீட்டுக்குப் போகட்டும்.

5. இரண்டு லட்சத்தை யார் வாங்கினாலும் நாம் வாங்கக்கூடாது.

6. அம்மாவிடம் நானே சொல்வேன், ஆனால் நீ வந்த பிறகு. கடிதத்தின் மேலே வழக்கமாகப் போடும் ‘உ’வை இன்று நான் போடவில்லை, கை வரவில்லை. ஒன்றும் தெரியாமல் அம்மா பார்சல் அட்டைமேல் மஞ்சளில் ஒன்று போட்டு வைத்திருக்கிறாள். அது ஈரம் காயும்வரை காத்திருந்து எடுத்துப் போகிறேன்.

உன் அண்ணன்,
வெ. (வெற்றிச்செல்வன்)