விதையைப் படுக்க வைத்திருக்கிறேன்

ஏங்க,

சாப்பாடு மேசையில் மூடி இருக்கிறது. குழாய் ரிப்பேர்காரர் பத்து மணிக்கு வருவார். அவரிடமாவது வாயைத் திறந்து பேசுங்கள்.

ஃப்ரிட்ஜில் ஈரமணலில் நீங்கள் முளைக்கப் போட்டு வைத்திருந்த கிங்கோ மர விதை டப்பாவைக் குப்பையில் போடத்தான் எடுத்தேன். அந்த நாற்றம் பிடித்த பழத்தை என் அரிசி வடிகட்டியில் போட்டுக் கழுவியதற்குத் திட்டினேன். திட்டினது திட்டினதுதான். ஆனால் டப்பாவைத் திறந்தால் ஒரு விதை வேர் விட்டிருந்தது. மற்றவை உங்களைப் போலவே அசையாமல் கிடக்கின்றன.

வேர் விட்டதை உங்கள் போன்சாய் தொட்டியில் நட்டுவிட்டேன். வேர் மேலே பார்க்க வேண்டுமா, கீழேயா என்று கேட்கலாம் என்றால், நீங்கள்தான் அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்களே! அதனால் படுக்க வைத்திருக்கிறேன். தப்பென்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. நீங்களும் ஊற்றி அழுக வைக்காதீர்கள்.

பி.கு.: “இது ஆண் மரமா பெண் மரமான்னு தெரியவே இருபது வருஷம் ஆகும்”னு பெருமையாகச் சொன்னீர்கள். அவ்வளவு நாள் பேசாமல் இருக்க என்னால் ஆகாது.

இன்னொன்று: வேறு வடிகட்டி வாங்கிவிட்டேன். பழையதை உங்கள் மண்வெட்டி பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். அடுத்த பழத்துக்கு ஆகும்.