மணியடித்ததும் ஓடிய படை

செவ்வாய், இரவு.

துபாயில் வேலை பார்க்கும் என் கணவரும் நானும் ஆளுக்கொரு நாளாகக் கணினியில் ஆடிவந்த விளையாட்டில் எங்கள் கோட்டை இன்று விழுந்தது. ஓயாத பயிற்சியில் வீரர்கள் சலித்துப்போனார்களே என்று படையின் அட்டவணையில் இந்த மாதம் ஓய்வு கொடுத்திருந்தேன். எதிரி வந்ததும் எச்சரிக்கை மணியை அடித்தேன். ஊர்ச்சனம் கோட்டைக்குள் ஓடியது. கூடவே ஓய்விலிருந்த படையும் ஓடியது! எச்சரிக்கைக்கென்று படைக்குத் தனி அட்டவணை போட வேண்டுமாம். யார் கண்டார்கள்?

அவர் போனில் கத்தினார். "ஏட்டி, படைக்கு லீவு குடுத்தியா? எனக்கே ரெண்டு வருசமா லீவு கெடைக்கல்ல!"

"அதுக்கு எங்கிட்ட எதுக்குக் கத்துதீங்க? ஒங்க முதலாளிகிட்ட கத்துங்க."

கத்துவதை நிறுத்தினார். பிறகு, "கிறிஸ்மஸுக்கும் கெடையாதுன்னு இன்னைக்குச் சொல்லிட்டானுவ" என்றார்.

கோட்டைக்காகக் கத்துகிறார் என்றே நினைத்திருந்தேன். இந்த மனிதர் இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்னவாம்?