முயலைச் சுட்டது நீ

நேற்று மதியம் நம் மகள் உன் தையல் மெஷினைத் திறந்து எண்ணெய் விட்டாள். சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்தவளுக்கும் உன்னைப் போலவே சும்மா உட்காரத் தெரியவில்லை. கூடத்தில் அந்த எண்ணெய் வாசனை பரவியதும் எனக்கு நினைவுக்கு வந்தது மெஷின் அல்ல, உன் மடியில் குறுக்காகக் கிடந்த துப்பாக்கி. அதற்கும் நீ அந்த எண்ணெயைத்தான் போடுவாய். பழந்துணியில் இரண்டு சொட்டு, அதற்கு மேல் கூடாது என்பாய்.

ஊரில் ஆள் குறைந்துகொண்டிருந்த காலம் அது. நம் வயலுக்கு மேற்கே இருந்த நிலத்துக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனார்கள். அதைக் குத்தகைக்குப் பார்த்தவரின் பிள்ளைகள் துபாய்க்குப் போனார்கள். தரிசில் கருவை மண்டியது, கருவையில் முயல் குடியேறியது. சம்பா அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்து, இலை விட்டதுமே வரப்போரமாக மொட்டையாகி நின்றது. அது உன் அப்பா உனக்கு எழுதிக்கொடுத்த வயல். உன் கைக்கென்று வந்த ஒரே வரும்படி அந்த உளுந்துதான். வேலி போடலாம் என்றேன். "வேலி போடற செலவுக்கு நிலத்தையே வித்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினாய்.

தஞ்சாவூர்த் துப்பாக்கிக் கடைக்காரர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, உனக்கு ஒரு ஸ்டூலைக் காட்டினார். லைசென்ஸ் தேவைப்படாத ஏர்கன்கள் சிலவற்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். வெளிநாட்டுச் சரக்கு கடைகளில் தலைகாட்டத் தொடங்கியிருந்த நேரம். டெலஸ்கோப் வைத்த ஒன்று பளபளத்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீயோ பாயிண்ட் ஒன் செவன் செவனுக்கும் பாயிண்ட் டூ டூவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாய். அவர் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். முதலாவதில் குண்டு சின்னது, வேகமாகப் போகும், விலையும் குறைவு. இரண்டாவதில் குண்டு பெரியது, கொஞ்சம் மெதுவாகப் போனாலும் அடி பலமாக விழும்.

"முயல் அங்கேயே விழுமா, அடிபட்டு ஓடுமா?" என்றாய்.

அப்போதுதான் அவர் உன் பக்கம் திரும்பினார். சின்னக் குண்டென்றால் ரொம்பக் கிட்டப் போக வேண்டும், தலையில் பட வேண்டும், இல்லாவிட்டால் ஓடிவிடும் என்றார்.

"ஓடிப் போயிப் புதர்ல கிடந்து சாகறது பாவங்க. பெருசே கொடுங்க. டெலஸ்கோப் வேணாம், கிட்டப் போயிக்கலாம்."

உள்நாட்டுத் தயாரிப்பில், மெருகில்லாத கட்டை வைத்த ஒன்றை எடுத்தாய். குழாயை மடக்கி இழுத்து, உன் பலத்துக்கு மடங்குகிறதா என்று பார்த்த பிறகே சரி என்றாய். காலேஜில் என்.சி.சி.யில் நீ பிடித்த ரைஃபிளும் பாயிண்ட் டூ டூ என்பதைத் திரும்பும் பஸ்ஸில்தான் சொன்னாய். மகள் திருச்சி ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி அத்தனை வருஷமும் இதை நான் கேட்டதே இல்லை.

முதல் முயல் விழுந்த காலையை நீ மறந்திருக்க மாட்டாய். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்புக்குப் பின்னால் படுத்திருந்தாய். பக்கத்தில் நான் பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். "கண்ணைத் தொறங்க, விழுந்துடுச்சு" என்று நீ சொன்ன பிறகே பார்த்தேன். நீ புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டாய். துப்பாக்கி என் தோளுக்கும் முயல் என் கைக்கும் வந்தன. அப்படியே டீக்கடையைக் கடந்தோம்.

"வாத்தியாரே, நீங்க சாக்பீஸ் எறிஞ்சாக்கூட எந்தப் பையன் மேலயும் பட்டதில்லையே, இது எப்படிப் பட்டுச்சு?" என்று கடைக்கார பாய் கேட்டார்.

நீ எனக்கு நான்கடி பின்னால் வந்துகொண்டிருந்தாய். ஒரு சொல் போதும். நானோ, "காத்து எந்தப் பக்கம்னு பாக்கணும் பாய்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ சுட்ட ஒவ்வொரு முயலையும் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் நான் சுட்டேன்.

பேச்சு பரவி, ஒருநாள் வனக்காவலர் வாசலில் வந்து நின்றார். முயலைச் சுடுவது சட்டப்படி குற்றம். நமக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவன் நான்.

"பசங்களுக்குப் பாடம் சொல்றவரு நீங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா சார்?" என்றார். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

உள்ளேயிருந்து வந்து நீ சொன்னாய்: "சார் இல்லீங்க. நான்தான் சுட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். "வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்க மனசு வரல. நல்ல மனசும்மா உங்களுக்கு."

நீ என்னைப் பார்த்தாய். வகுப்பில் ஒரு கணக்கை அடிக்கடி உதாரணம் காட்டுவேன். முதல் வரியில் ஓர் எண்ணை மாற்றி எழுதியவன், பிறகு எத்தனை கவனமாகப் போட்டாலும் சரியான விடைக்கு வர மாட்டான். டீக்கடை வாசலில் உண்மையைச் சொல்லியிருந்தால் அது உனக்குப் பெருமை. அதே உண்மையை வனக்காவலர் முன்னால் சொன்னால் மனைவியைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும். நான் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தாங்க, தெரியாம செஞ்சுட்டேன்" என்றேன். இனிமேல் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீ பேசினாய். "புகழையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க. குத்தத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க. எனக்குன்னு என்ன வச்சீங்க?"

மறுவாரம் தலைமையாசிரியர், காலைக் கூட்டத்தில் மாணவர்கள் முன்னால், தப்பை ஒப்புக்கொண்ட நேர்மைக்கு என்னை உதாரணம் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து அதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயோ துப்பாக்கியைத் துடைத்துப் பரணில் போட்டுவிட்டாய். அடுத்த தையில் உளுந்து தெளிக்கவில்லை. வயலைக் குத்தகைக்கு விட்டுவிடச் சொன்னாய், விட்டேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ பதில் சொல்லியிருப்பாய் என்பதால்தான் கேட்கவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள்கூட நான் குறி தவறாமல் சுடுவதைப் பற்றித்தான் பேசினார்கள். பந்தியில் யாரோ அந்தக் காற்றுக் கதையைச் சொல்ல, மற்றவர்கள் துக்கத்தை மறந்து சிரித்தார்கள். நான் எழுந்து நின்று, ஒரு முயலைக்கூட நான் சுட்டதில்லை, எல்லாம் அவள் சுட்டது என்றேன். பாய் என் தோளில் கைவைத்து என்னை உட்காரவைத்தார். "அவங்க மேல அவ்வளவு பிரியம் சாருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

நேற்றும் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடை, ஸ்டூல், பெரிய குண்டு, என் மூடிய கண் என்று எதையும் விடவில்லை. மெஷின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கேட்டவள், முடிவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவ்வளவு அழகா எல்லாப் பெருமையையும் அம்மாவுக்குக் கொடுக்கறீங்கப்பா. உங்களை மாதிரி மனசு யாருக்கு வரும்?" என்றாள்.

உன்னுடையதை உனக்குத் திருப்பித் தருவதற்கென்றே போகிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு பாராட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன்.