முப்பத்தெட்டு மார்க் வாங்கிய தாள்

ஹோனியாரா
12 பிப்ரவரி 2001

மதிப்பிற்குரிய ட்ரெம்பத் ஐயாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நான் நலமாக இல்லை. காரணம் நீங்கள்தான்.

உங்கள் தபால்வழி முதலீட்டுப் படிப்பின் இறுதித் தேர்வில் எனக்கு முப்பத்தெட்டு போட்டிருக்கிறீர்கள். ஐம்பது எடுத்தால் பாஸ். நான்காம் கேள்விக்கு மட்டும் முப்பதுக்குப் பூஜ்யம்! ‘துளியும் ஆபத்தில்லாத முதலீடு எது? அதை அடித்தளமாக வைத்து ஒரு ஓய்வுநிதியைப் பிரித்துப் போடுக’ என்று கேட்டீர்கள். ‘எங்கள் ஊரில் அப்படி ஒன்று கிடையாது, ஆகவே பாதியை வெளிநாட்டில் வைப்பேன், மீதியை நாலு இடத்தில் பிரிப்பேன்’ என்று எழுதினேன். அது திமிர் இல்லை ஐயா. போன வருஷம் துப்பாக்கியோடு வந்து ஆட்சியையே கவிழ்த்த தீவு நாடு இது. நான் பார்த்துக்கொள்வது அறுநூற்றுப் பன்னிரண்டு நர்ஸுகளின் ஓய்வுப்பணம். அவர்களுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. வேலை முடிந்ததும் ரோட்டோரம் உட்கார்ந்து வளையப் பணியாரம் விற்கிறார்கள். சம்பளமே கொடுக்க முடியாத அரசாங்கத்தின் கடன்பத்திரத்துக்கு ஆபத்தே இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

இன்னொன்று. செப்டம்பருக்குள் உங்கள் சான்றிதழ் வராவிட்டால், இந்தப் பணத்தை எங்கே போடுவது என்று முடிவெடுக்கும் எங்கள் குழுவில் எனக்கு ஓட்டு கிடையாது. தலைவர் ஓஃபானி எல்லாப் பணத்தையும் அரசுக் கடன்பத்திரத்தில் போடத் துடிக்கிறார். கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. “கவர்ன்மென்ட்டு யாரும்மா? நம்ம வான்டாக்! நம்ம பாஷை பேசற நம்ம சொந்தக்காரன் கஷ்டப்படறப்ப கையை விரிக்கலாமா?” என்கிறார்.

தயவுசெய்து தாளை மறுபடி பாருங்கள்.

இப்படிக்கு, கோபமாக இருந்தாலும் மரியாதையுடன்,
ஹில்டா கேரா


அடிலெய்டு
5 மார்ச் 2001

அன்புள்ள ஹில்டாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் நிலைமை புரிகிறது. ஆனாலும் மதிப்பெண் மாறாது. சொந்த நாட்டு அரசின் கடன்பத்திரம்தான் சரியான விடை; ஏனென்றால் அரசாங்கம் தேவைப்பட்டால் தன் பணத்தைத் தானே அச்சடித்துக்கொள்ளும். பத்தொன்பது வருஷமாக இதே கேள்வியைத் திருத்துகிறேன். ஒருவருக்கு வளைந்தால் எல்லோருக்கும் வளைய வேண்டும்.

ஜூலையில் மறுதேர்வு. உங்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த வருஷம் என் தக்காளிச் செடிகளும் என்னைக் கைவிட்டுவிட்டன. அதனால் நானும் எரிச்சலில்தான் இருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நெவில் ட்ரெம்பத்


ஹோனியாரா
2 ஏப்ரல் 2001

ட்ரெம்பத் ஐயாவுக்கு,

அச்சடித்துக்கொள்ளுமாம்! எங்கள் நோட்டை அச்சடிப்பதே வெளிநாட்டில் ஐயா. அதற்கும் காசு கொடுக்க வேண்டும். அந்தக் காசுக்கு எங்கே போவது?

எங்கள் குழுவில் நர்ஸுகளின் சார்பாக சிஸ்டர் நெஸ்டா இருக்கிறார். பிரசவ வார்டில் முப்பத்தொரு வருஷம். என்னை இழுத்து வெளியே போட்டதே அவர்தான், அதைச் சொல்லாமல் ஒருநாளும் விட்டதில்லை. அடுத்த வருஷம் ஓய்வு. தன் தீவில் தகரக் கூரை போட்டு ஒரு வீடு கட்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. நேற்று பாக்கை மென்றுகொண்டே கேட்டார்: “ஏண்டி ஹில்டா, என் காசு இருக்குல்ல?” இருக்கிறது என்றேன். “நீ சொன்னா சரிடி” என்று போய்விட்டார்.

நீங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறீர்கள். நான் என்ன செய்யட்டும், அதையாவது சொல்லுங்கள்.

ஹில்டா


அடிலெய்டு
30 ஏப்ரல் 2001

அன்புள்ள ஹில்டா,

ஆசிரியர் சொல்லக் கூடாததை நண்பனாகச் சொல்கிறேன். ஜூலையில் நான்காம் கேள்விக்குப் புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதிவிடு. ஓட்டு கையில் வரட்டும். பிறகு உனக்குத் தெரிந்தபடி செய். பரீட்சையில் புத்தகம், வேலையில் புத்தி. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பாஸானோம்.

சிஸ்டர் நெஸ்டாவுக்கு என் வணக்கம்.

நெவில்


ஹோனியாரா
20 செப்டம்பர் 2001

நெவில் ஐயா,

எண்பத்தொன்று போட்டீர்கள். சான்றிதழ் வந்தது, ஓட்டும் வந்தது. ஆபீஸுக்கே கப்பைக்கிழங்குப் புட்டு வாங்கிக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சான்றிதழோடு விடைத்தாளையும் கோப்பில் வைக்க வேண்டும் என்பது விதி. ஓஃபானி அதை எடுத்துக் குழு முன்னால் சத்தமாகப் படித்தார். ‘சொந்த நாட்டு அரசின் கடன்பத்திரத்துக்குத் துளியும் ஆபத்தில்லை.’ படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “உன் கையெழுத்துதானேம்மா இது?”

பரீட்சைக்காக எழுதினேன் என்றேன்.

“அப்போ பரீட்சையில பொய் சொன்னியா? பொய் சொல்ற ஆளை நம்பி நர்ஸுங்க காசை எப்படிம்மா குடுக்கறது?”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன், நீங்கள் மந்திரம் சொல்லிக் கொடுத்தீர்கள். அக்டோபர் 16, செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு. உங்கள் கேள்வி எங்கள் ஊருக்குப் பொருந்தாது என்று நீங்களே குழுவுக்கு எழுதுங்கள். ஆபீஸ் ஃபோன் ஊமையாகி மாதக்கணக்காகிறது. தபாலில்தான் அனுப்ப வேண்டும், உடனே அனுப்புங்கள்.

ஹில்டா


அடிலெய்டு
4 அக்டோபர் 2001

அன்புள்ள ஹில்டா,

உன் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது. ஃபோனும் போட்டுப் பார்த்தேன், மணியே அடிக்கவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் சொந்த ஓய்வுப்பணம் எங்கெங்கே இருக்கிறது என்று எடுத்துப் பார்த்தேன். பாதி வெளிநாட்டில். மீதி நாலு இடத்தில். எந்த அரசாங்கத்தையும் நம்பி மொத்தமாகக் கொடுத்தவன் இல்லை நான். பத்தொன்பது வருஷமாக நான் செய்யாததை எழுதியவர்களுக்கு மார்க் போட்டிருக்கிறேன். நான் செய்ததை எழுதிய உனக்குப் பூஜ்யம் போட்டேன்.

உன் முதல் தாளை அலமாரியிலிருந்து எடுத்து மறுபடி திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். முப்பத்தெட்டை அடித்து அறுபத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கேள்விதான் தவறு என்று குழுவுக்கும் தனியாக ஒரு கடிதம் உள்ளே இருக்கிறது. சத்தமாகப் படி.

நெவில்


ஹோனியாரா
22 அக்டோபர் 2001

நெவில் ஐயாவுக்கு,

எரிபொருள் இல்லாமல் தபால் கொண்டுவரும் விமானம் ஒன்று நின்றுவிட்டது. உங்கள் உறை வெள்ளிக்கிழமை வந்தது. ஓட்டெடுப்பு செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டது. ஆதரவாக நாலு கை, எதிராக மூன்று. எல்லாம் கடன்பத்திரத்துக்குப் போகிறது.

நாலாவது கை சிஸ்டர் நெஸ்டாவுடையது.

ஏன் சிஸ்டர் என்று வாசலில் மறித்துக் கேட்டேன். அழுதுவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். “அந்த ஆளு உன்னைப் பொய்க்காரின்னுட்டானே, எனக்குப் பொறுக்கலைடி. நீ பொய் எழுத மாட்டே. நீ எழுதினதை நம்பித்தான் கையைத் தூக்கினேன்.”

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. காட்டி இனி என்ன ஆகப்போகிறது?

சான்றிதழை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். முதல் தாளை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அடுத்த வருஷம் இந்த ஊரிலிருந்து யாராவது அதே பதிலை எழுதினால், முதல் தடவையே மார்க் போடுங்கள்.

பதில் எழுத வேண்டாம்.

ஹில்டா கேரா