பெயர் சொல்லிக் கூப்பிடாத வீடு

கார்ஹிங், ஜெர்மனி,
வியாழன் மாலை.

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீயும், சிலி மலை உச்சியில் உன் தொலைநோக்கியும் நலமா? போனில் பேசினால் "ஆரம்பிச்சுட்டியாடி" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்த மின்னஞ்சல். தயவுசெய்து கடைசி வரி வரை படி.

வீட்டு நிலவரம் முதலில். நீ கிளம்பியதும் அப்பாவின் ஆராய்ச்சி பல்கலைக்கழகத்திலிருந்து ரயிலேறி வீட்டுக்கே வந்துவிட்டது. இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதிய தத்துவஞானிகள் எல்லாரும் இப்போது நம் சேயோனைத்தான் வளர்க்கிறார்கள். அவனுக்குக் கட்டளை இடக் கூடாது. எழுத்தைத் திணிக்கக் கூடாது. சாப்பிடக்கூடக் கூப்பிடக் கூடாது, பசி கூப்பிட்டுக்கொள்ளுமாம். எனக்கு ஐந்து வயதில் அபாகஸ், ஸ்லோகம், இந்தி, நீச்சல். அவனுக்கு ஐந்து வயதில் சுதந்திரம். எனக்கு 'சு' போய் தந்திரம் மட்டும்தான் கிடைத்தது.

பொறாமையில் எழுதவில்லை. கொஞ்சம் பொறாமை உண்டு, ஆனால் விஷயம் அதுவல்ல.

போன சனிக்கிழமை சேயோன் ஹாலில் மரக்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் பேக்கரிப் பையை ஊதி, பூனை மாதிரிப் போய், அவன் முதுகுக்குப் பின்னால் பட்டென்று வெடித்தேன். அப்பா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். கீழ்வீட்டுப் பாட்டியம்மா விளக்குமாற்றுக் கட்டையால் தன் வீட்டுக் கூரையைத் தட்டினார். சேயோன் அடுத்த கட்டையை எடுத்து வைத்தான்.

பயல் என்னை ஜெயித்துவிட்டான் என்று முதலில் சிரித்தேன். அப்புறம் அலாரத்தை அவன் தலையணைக்கடியில் வைத்தேன். நான்தான் பதறி நிறுத்தினேன், அவன் தூங்கினான். பிறகு அவன் எதிரில் உட்கார்ந்து, சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்து, "சேயோன், சாக்லேட் வேணுமா?" என்றேன்.

"வேணும்க்கா" என்றான்.

அம்மா, நான் சத்தமே போடவில்லை. அவன் என் உதட்டைப் பார்த்தான். வீடியோவில் உன் முகத்துக்கு அவ்வளவு கிட்ட வந்து சிரிக்கிறானே, பாசம் என்று சந்தோஷப்படுகிறாயே, அதுவும் இதுதான் என்று நினைக்கிறேன். ஆகஸ்டில் அந்தக் காய்ச்சல் வந்த பிறகுதான் அவன் இப்படி ஆனான். அதற்கு முன்னால் லிஃப்ட் சத்தம் கேட்டாலே கதவுக்கு ஓடுவான்.

நாம் எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று கேட்பாய். கிண்டர்கார்டனில் அவனுக்கு ஜெர்மன் புரியவில்லை, காலம் கொடுங்கள் என்கிறார்கள். வீட்டில் அவனை யாரும் கூப்பிடுவதே இல்லையே. கூப்பிடாத பிள்ளை திரும்பவில்லை என்று யாருக்குத் தெரியும்?

அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். "போன மாசம் எனக்கு நெஞ்சு வலின்னு உங்கம்மாவை அழ வெச்சது யாரு?" என்றார். நான்தான். அதற்கு முந்தைய வதந்திகளும் நான்தான். பிறகு அவனை மடியில் வைத்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "கண்ணா, அப்பா பேசறது கேக்குதா?" என்றார். "கேக்குது" என்று அவன் தலையாட்டினான். "பார்த்தியா? அவனுக்குள்ள ஒரு உலகம் இருக்கு ஸ்ரீ. நம்ம குரல் தேவைப்படும்போது அவனே திரும்புவான்" என்று முத்தம் கொடுத்தார். அப்பா கெட்டவர் இல்லை. அவனை அவ்வளவு ரசிக்கிறார். அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

இன்று காலை அவனைக் கிண்டர்கார்டனுக்கு நான் கூட்டிப்போனேன். உதைவண்டியில் முன்னால் போனவன் சாலையில் இறங்கிவிட்டான். பஸ் ஹார்ன் அடித்தது. தெருவே திரும்பியது. அவன் திரும்பவில்லை. நான் "சேயோன்!" என்று கத்தினேன், தொண்டை இன்னும் எரிகிறது. பஸ் அவன் சக்கரத்தைத் தொடாத குறையாக நின்றது. டிரைவர் இறங்கி வந்து என்னைத் திட்டினார். சேயோன் என் முகத்தைப் பார்த்து, "ஏன்க்கா அழற?" என்றான்.

அப்பா மியூனிக்கிலிருந்து இன்னும் வரவில்லை. வந்ததும் சொல்வேன். நம்புவாரா தெரியாது. நானாக இருந்தால் என்னை நம்ப மாட்டேன்.

காது டாக்டருக்குப் போன் செய்து, உன் குரல் மாதிரிப் பேசி, செவ்வாய்க்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன். கடைசியாக ஒரு தடவை, மன்னித்துவிடு. ஆனால் அம்மாவோ அப்பாவோ கூட வராமல் பார்க்க மாட்டார்களாம். நீ அப்பாவைக் கூப்பிடு. தத்துவம் பேச ஆரம்பித்தால் விடாதே. "செவ்வாய்க்கிழமை குழந்தையைக் கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொல். இந்த வீட்டில் யாராவது ஒருத்தர் கட்டளை போட்டே ஆக வேண்டும் அம்மா. நான் போட்டால் எடுபடாது.

டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் கதை விட்டிருக்கிறாள், பையனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லட்டும். தினமும் சாமியிடம் அதைத்தான் கேட்கிறேன். அப்படிச் சொன்னால் நீங்கள் இரண்டு பேரும் என்னை நிற்க வைத்துத் திட்டுங்கள். பக்கத்து அறையில் விளையாடுகிற அவன் என்னவென்று திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத் திட்டுங்கள்.

சத்தியமாக உன் மகள்,
ஸ்ரீநிதி